சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம்!

இந்த வாரம் தண்ணியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று நண்பர் ஒருவரிடம் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது மனிதருக்கு. 'எந்த பிராண்டு?' என்றார். அந்தத் தண்ணி இல்லை சார், பேட்டரிக்கு ஊற்றுவார்களே, ஐந்து லிட்டர் வெள்ளை கேனில் வருமே, அந்தத் தண்ணி என்றேன். மலர்ந்த முகம் வந்த வழியே போய்விட்டது. நீங்களும் அவரைப்போல் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். விஷயம் இருக்கிறது. ஒரு கொலைக்கேஸ் மாதிரி ஒன்றும் நடுவில் வருகிறது.

திருப்பத்தூரிலிருந்து சிவகங்கை போகிற ரோட்டில் இருக்கிறது திருக்கோஷ்டியூர். ராமானுஜர் ஸ்ரீரங்கத்திலிருந்து பதினெட்டு தடவை நடையாய் நடந்து வந்து மந்திரம் கேட்டுக்கொண்டு, கேட்ட கையோடு கோபுரத்தில் ஏறி ஊருக்கே உரக்கச் சொல்லிவிட்டார் என்பார்களே, அந்த ஊர்தான். எந்த ரகசியமும் தங்காத ஊர் என்று இதற்கு இன்னொரு அர்த்தமும் வைத்துக்கொள்ளலாம். அந்த தைரியத்தில் நானும் பேட்டரிக்கடை ரகசியம் ஒன்றைப் போட்டு உடைக்கிறேன்.

கடை அண்ணனிடம் ஒருநாள், 'அண்ணே, டிஸ்டில்ட் வாட்டர் ஒரு கேன்' என்றேன். கேனை எடுத்து வைத்துவிட்டுச் சிரித்தார்.

'பேருதான் தம்பி டிஸ்டில்ட் வாட்டரு. இன்னைக்கு எவன் உக்காந்து காய்ச்சிக்கிட்டு இருக்கான்? கரண்டு பில்லு யாரு கட்டுறது? எல்லாம் ரெசின்ல விட்டு எடுத்த தண்ணிதான்.'

பி.காம். படித்தவன் இல்லையா, வீட்டுக்கு வந்து முதல் காரியமாகக் கணக்குப் போட்டேன். சாதாரண தண்ணீர் ஒரு லிட்டரைக் கொதிக்கவைத்து முழுக்க ஆவியாக்க, கிட்டத்தட்ட முக்கால் யூனிட் கரண்டு ஆகும். ஐந்து லிட்டர் கேனுக்கு மூன்றரை யூனிட். அதைக் குளிரவைத்துப் பிடிக்கிற செலவு தனி. கேன் கூலி, லாரி வாடகை, கடைக்காரர் கமிஷன் எல்லாம் போட்டால் பேட்டரியைவிடத் தண்ணி விலை ஏறிவிடும் போலிருக்கிறது. அண்ணன் சொன்னது சரி. இன்று கேனில் வருவது பெரும்பாலும் காய்ச்சி வடித்த தண்ணீர் அல்ல. அயனி நீக்கிய தண்ணீர். ஃபாக்டரிக்காரர்கள் சுருக்கமாக 'டி.எம். வாட்டர்' என்பார்கள். தாதுஉப்பு எடுத்த தண்ணீர்.

உடனே ஏமாற்று என்று கொடி பிடிக்க வேண்டாம். பேட்டரிக்கு இது போதும். எதற்காகப் பேட்டரிக்குத் தண்ணி ஊற்றுகிறோம்? உள்ளே ஈயத் தகடு, சல்ஃப்யூரிக் ஆசிட், தண்ணீர். சார்ஜ் ஏறும்போது தண்ணீரில் கொஞ்சம் ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று பிரிந்து வாயுவாகப் போய்விடுகிறது. ஆசிட் எங்கேயும் போவதில்லை. அதனால் குறைவது தண்ணீர்; ஊற்ற வேண்டியதும் தண்ணீர்தான். மட்டம் இறங்கிவிட்டது என்று ஆசிட்டை வாங்கி ஊற்றுகிற மேதாவிகள் எல்லா ஊரிலும் ரெண்டு பேர் உண்டு. குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் பத்துப் பேர். அந்தத் தண்ணீரில் உள்ள குளோரைடு ஈயத் தகட்டை அரிக்கும். இரும்புச் சத்து இருந்தால், சார்ஜ் பேட்டரிக்குள்ளேயே தானாக வடிந்துபோகும். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு காலையில் பார்த்தால் மாசக் கடைசிப் பர்ஸ் மாதிரி இருக்கும்.

2012-ல் தமிழ்நாட்டில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்டு போனதே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. கூடவே இந்த கேனும் வந்தது. நம்மில் முக்கால்வாசிப் பேர் இந்தத் தண்ணீருக்கு அறிமுகமானது அப்படித்தான்.

கேன் வராத காலத்தில்? செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். நாலு பக்கமும் ஓட்டுச் சரிவு முற்றத்தைப் பார்த்து இறங்கும். மழை பெய்தால் ஆச்சிமார் அண்டாவையும் கிடாரத்தையும் கொண்டுவந்து அடியில் வைத்துவிடுவார்கள். முதல் மழையை விட்டுவிடுவார்கள், கூரை அழுக்கு கழுவட்டும் என்று. அப்புறம் பிடிப்பதுதான் தங்கம். 'மழைத்தண்ணில போட்டா பருப்பு பூவா வேகும்' என்பது எங்கள் பக்கத்து ஆச்சியின் தீர்ப்பு. கெமிஸ்ட்ரி புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. கிணற்றுத் தண்ணீரில் இருக்கிற கால்சியம் பருப்பின் தோலை இறுக்கிவிடும். மழைத்தண்ணீரில் அது கிட்டத்தட்டக் கிடையாது. சூரியனே காய்ச்சி, வானத்தில் ஆறவைத்து, இலவசமாக இறக்கித் தருகிற சரக்கு. அந்தக் காலத்தில் மழைத்தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி பேட்டரிக்கு விட்ட டிரைவர்கள் உண்டு.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். கலங்கல் வேறு, உப்பு வேறு. ஊருணித் தண்ணி கலங்கலாக இருந்தால் பானையின் உட்பக்கம் தேத்தாங்கொட்டையை இழைத்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் மண் எல்லாம் அடியில் உட்கார்ந்துவிடும், மேலே தெளிவு. கண்ணுக்குச் சுத்தம். ஆனால் கரைந்திருக்கிற உப்பில் ஒரு சிட்டிகைகூடக் குறைந்திருக்காது. கண்ணாடி மாதிரி இருக்கிற தண்ணீர்தான் சமயத்தில் பெரிய உப்பளமாக இருக்கும். கீசரின் கம்பியைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கரைந்த உப்பை எப்படி எடுப்பது? 1850 வாக்கில் இங்கிலாந்தில் தாம்ப்சன், வே என்று இரண்டு பேர் மண்ணை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அமோனியா உப்பைக் கரைத்து மண்ணின் வழியே விட்டால், மண் அமோனியாவைப் பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்குச் சுண்ணாம்புச் சத்தை வெளியே அனுப்பியது. பண்டமாற்று! அப்புறம் இதற்கென்று செயற்கையாக ஒரு சரக்கு தேடினார்கள். உடைந்த கிராமபோன் தட்டைப் பொடி பண்ணிப் பார்த்தபோது அதுவும் இப்படிப் பண்டமாற்று செய்ததாகவும், அங்கிருந்துதான் யோசனை பிறந்ததாகவும் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ போகட்டும். 1935-ல் இங்கிலாந்தின் டெடிங்டன் ஆய்வுக்கூடத்தில் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இருவர் செயற்கை ரெசின் செய்து காட்டினது நிஜம். (எனக்கு கிராமபோன் கதைதான் பிடித்திருக்கிறது. காரைக்குடி ஏவி. மெய்யப்பன் சினிமா ஸ்டூடியோவுக்கு முன்னால் இசைத்தட்டு வியாபாரம் செய்தவர். எங்கள் பக்கத்துப் பரண்களில் உடைந்த தட்டுகளுக்குப் பஞ்சமே இருந்திருக்காது. பொடி பண்ணிப் பார்க்க ஆள்தான் இல்லை.)

ரெசின் என்பது பார்வைக்கு ஒன்றுமில்லை. ரவையைவிடக் கொஞ்சம் பெரிய, தேன் கலர் உருண்டைகள். மீன் முட்டை என்று சொன்னால் நம்பிவிடலாம். வேலை செய்கிற விதம் மட்டும் சுத்தமான காமர்ஸ்.

எந்த பி.காம்.காரனைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் 'டெபிட் த ரிசீவர், கிரெடிட் த கிவர்' என்பான். வேறு எதுவும் ஞாபகம் இருக்காது, அது இருக்கும். தண்ணீரில் உப்பு கரைந்தால் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. சோடியம், கால்சியம், மெக்னீசியம் மாதிரி பிளஸ் கோஷ்டி. குளோரைடு, சல்ஃபேட், பைகார்பனேட் மாதிரி மைனஸ் கோஷ்டி. இவைதான் அயனிகள். முதல் தொட்டியில் இருக்கிற ரெசின், பிளஸ் கோஷ்டியைப் பூராவும் வரவு வைத்துக்கொண்டு, பதிலுக்கு ஹைட்ரஜன் அயனியைக் கொடுக்கிறது. இந்த இடத்தில் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தால் ஆசிட்டாகப் புளிக்கும். பயப்படக் கூடாது, கணக்கு பாதியில் நிற்கிறது. இரண்டாவது தொட்டி மைனஸ் கோஷ்டியை வாங்கிக்கொண்டு, ஹைட்ராக்சில் அயனியைக் கொடுக்கிறது. ஹைட்ரஜனும் ஹைட்ராக்சிலும் கைகோத்தால் என்ன? தண்ணீர்! உப்பு போன இடத்தில் தண்ணீரே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரு பைசா வித்தியாசம் கிடையாது. எங்கள் செட்டிநாட்டுக் கணக்கப்பிள்ளைகள் ஐந்தொகை எடுத்து நேர் பண்ணுகிற மாதிரி நேராகிவிடுகிறது.

ஒரே சிக்கல், ரெசினின் பேரேட்டுக்கும் கடைசிப் பக்கம் உண்டு. கொடுக்க வைத்திருந்த ஹைட்ரஜனும் ஹைட்ராக்சிலும் தீர்ந்துபோனால், முதல் தொட்டியை ஆசிட்டாலும் இரண்டாவதைக் காஸ்டிக் சோடாவாலும் கழுவ வேண்டும். வாங்கி வைத்திருந்த உப்பையெல்லாம் கக்கிவிட்டு மறுபடி புது நோட்டு. கழுவாமல் விட்டால்? அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் கூட்டி வந்தேன். கொஞ்சம் பொறுங்கள்.

இந்தத் தண்ணீர் எங்கெல்லாம் போகிறது என்று பட்டியல் போட்டால் தூக்கம் வரும். நாலைந்து சொல்கிறேன். காரைக்குடியில் 'சிக்ரி' என்று ஊரே சொல்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் சமயத்தில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தது. பேட்டரி, முலாம், துருப்பிடித்தல் எல்லாம் அங்கே பாடம். இந்த மாதிரி இடத்தில் குழாயைத் திறந்து வருகிற தண்ணீரை அப்படியே சோதனைக்கு எடுத்தால், நாம் போட்ட ரசாயனம் பேசுகிறதா, கிணற்று உப்பு பேசுகிறதா என்றே தெரியாது. உப்பில்லாத தண்ணீர்தான் அவர்களுக்கு வெள்ளைத்தாள். அதில் எழுதினால்தான் எழுதியது தெரியும். முலாம் பூசுகிற பட்டறையிலும் கடைசி அலசலுக்கு இதைத்தான் கேட்பார்கள். இல்லையென்றால் காய்ந்ததும் பளபளப்பின் மேல் வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர்த் திட்டு. ஒரகடம் பக்கம் கார் பெயின்ட் அடிக்கிறவர்களுக்கும் அதே கதை.

தூத்துக்குடி, மேட்டூர், வடசென்னை அனல்மின் நிலையங்களில் 'டி.எம். பிளான்ட்' என்று ஒரு தனி ராஜ்யமே உண்டு. நிலக்கரியை எரித்துத் தண்ணீரை ஆவியாக்கி டர்பைனைச் சுற்றுகிறார்கள். தண்ணீரில் துளி சிலிக்கா இருந்தால்கூட, அந்த அழுத்தத்தில் ஆவியோடு ஏறிப்போய் டர்பைன் பிளேடில் கண்ணாடி மாதிரி படிந்துவிடும். பாய்லர் குழாயில் உப்பு தட்டினால் சூடு இறங்காது, குழாய் வெடிக்கும். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு என்ன செய்வது என்று டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற தம்பிகள் கவனிக்க: இந்த பிளான்டுகளில் ராத்திரி பகலாகத் தண்ணீரைச் சோதித்துக்கொண்டே இருக்க ஒரு கெமிஸ்ட் வேண்டும்.

அப்புறம் கம்ப்யூட்டர் சிப். இங்கேதான் சுத்தம் பைத்தியக்காரத்தனமாகிறது. சுத்தத்தை அளக்கிற வழி எளிது. தண்ணீருக்குள் கரண்டு எவ்வளவு சிரமப்பட்டுப் போகிறது என்று பார்க்க வேண்டும். கரண்டைக் கடத்துவது தண்ணீர் இல்லை, அதில் இருக்கிற அயனிகள். அயனி குறையக் குறைய எதிர்ப்பு ஏறும். 1894-ல் கோல்ராஷ் என்ற ஜெர்மன்காரர் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்துப் பார்த்தும், கடைசியில் துளிக் கரண்டு போகத்தான் செய்தது. காரணம், தண்ணீரே கொஞ்சூண்டு தானாகப் பிரிந்து நிற்கிறது. அதைத் தாண்டி யாராலும் போக முடியாது. அந்த எல்லை, 25 டிகிரி சூட்டில், 18.2 மெகா ஓம்-சென்டிமீட்டர். (இங்கேயும் பதினெட்டு!) சிப் செய்கிறவர்கள் அந்த எல்லையை ஒட்டியே தண்ணீர் கேட்கிறார்கள். ஒரு சிலிக்கான் தட்டை முழுசாகச் செய்து முடிப்பதற்குள் இப்படி ஆயிரக்கணக்கான லிட்டரில் குளிப்பாட்டி எடுக்கிறார்கள். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு நலுங்கு கிடையாது. 2021-ல் தைவானில் வறட்சி வந்தபோது, உலகத்துக்கே சிப் செய்து கொடுக்கிற கம்பெனி டேங்கர் லாரி பிடித்துத் தண்ணீர் வாங்கியது. 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்த சென்னைவாசிகளுக்கு இதைப் படித்தபோது ஒரு பங்காளிப் பாசம் வந்திருக்கும்.

சுத்தமான தண்ணீர் கரண்டைக் கடத்தாது என்று படித்துவிட்டு, ஈரக்கையோடு ஸ்விட்சில் சோதித்துப் பார்க்க வேண்டாம். உங்கள் வியர்வை உப்பு ஒரு சொட்டு போதும், தண்ணீர் உடனே கட்சி மாறிவிடும்.

ஜப்பானில் ஒரு மலைக்கு அடியில், ஆயிரம் மீட்டர் ஆழத்தில், 50,000 டன் தண்ணீர் பிடிக்கிற தொட்டி கட்டி வைத்திருக்கிறார்கள். சூப்பர் கமியோகாண்டே என்று பெயர். நியூட்ரினோ என்கிற, யார் கையிலும் சிக்காத துகளைப் பிடிக்க. தண்ணீரில் தூசு தும்பு, உப்பு எதுவும் இருக்கக் கூடாது. வெளிச்சம் தடையில்லாமல் போய் சுவரில் இருக்கிற ஆயிரக்கணக்கான கண்ணாடிக் குமிழ்க் கண்களில் விழ வேண்டும். அந்தச் சோதனைக்காகக் கஜிதா என்பவருக்கு 2015-ல் நோபல் பரிசே கிடைத்தது. 1996-லிருந்து இருபத்துநாலு வருஷம் அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்துகொண்டே இருந்தவர்கள், 2020-ல் என்ன செய்தார்கள் தெரியுமா? கடோலினியம் என்ற உலோகத்தின் உப்பைக் கொண்டுவந்து பதிமூன்று டன் அதில் கொட்டினார்கள். சில வகைத் துகள்கள் இன்னும் நன்றாகத் தெரியுமாம். கடைசியில் எந்தச் சமையலுக்கும் உப்புப் போட்டுத்தான் இறக்க வேண்டியிருக்கிறது.

இப்போது கொலைக்கேஸ்.

என் சித்தப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்வு பெற்றுவிட்டன. வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். துணைக்கு நான் போவேன். அவரைப் படுக்கவைத்து, கையில் ஊசி போட்டு, ரத்தத்தை வெளியே எடுத்து ஒரு குழாய்க்குள் விடுவார்கள். அந்தக் குழாய்க்குள் முடியைப் போல மெல்லிய ஆயிரக்கணக்கான இழைகள். இழைக்குள்ளே ரத்தம் ஓடும். வெளியே தண்ணீரில் கலந்த மருந்து ஓடும். நடுவில் மெல்லிய சவ்வு. ரத்தத்தில் இருக்கிற கழிவு இந்தப் பக்கம் இறங்கிவிடும்.

தண்ணீர் எவ்வளவு போகிறது என்று டெக்னீஷியன் தம்பியிடம் கேட்டேன். நிமிஷத்துக்கு அரை லிட்டர் என்றார். நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர். வாரத்துக்கு 240. நீங்களும் நானும் ஒரு வாரம் முழுக்கக் குடிப்பது பதினைந்து, இருபது லிட்டர் இருந்தால் ஜாஸ்தி. அதிலும் நாம் குடிப்பதில் ஏதாவது கெடுதல் இருந்தால் வயிறு இருக்கிறது, குடல் இருக்கிறது, சிறுநீரகம் இருக்கிறது. மூன்று செக்போஸ்ட். சித்தப்பாவுக்கு அந்த 240 லிட்டருக்கும் ரத்தத்துக்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு சவ்வு. அந்தச் சவ்வுக்குக் கழிவு எது, விஷம் எது என்று தெரியாது. சின்னதாக எது வந்தாலும், எந்தப் பக்கம் குறைவாக இருக்கிறதோ அந்தப் பக்கம் போகவிடும்.

இது தெரியாமல் பட்ட அடிகள் நிறைய. ஊர்த் தண்ணீரைத் தெளியவைக்க முனிசிபாலிட்டிகள் படிகாரம் போடும். நாம் குடித்தால் ஒன்றும் செய்யாது. 1970-களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்குப் பேச்சுக் குழறியது, ஞாபகம் தப்பியது, வலிப்பு வந்தது, செத்துப்போனார்கள். படிகாரத்தில் இருக்கிற அலுமினியம் தண்ணீர் வழியாக ரத்தத்துக்குப் போய் மூளையில் சேர்ந்தது முக்கியமான காரணங்களில் ஒன்று என்று கண்டுபிடித்தார்கள். அதன் பிறகுதான் டயாலிசிஸ் தண்ணீரில் இருந்து அயனிகளை எடுத்தே தீர வேண்டும் என்றானது.

எடுத்தார்கள். ரெசின் தொட்டி வைத்தார்கள். 1993 ஜூலை. அமெரிக்காவின் சிகாகோ. ஓர் அறையில் பதினைந்து பேருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பின் ஒருவராக உடம்பெல்லாம் அரிப்பு, தலைவலி, குமட்டல், நெஞ்சுவலி. மூன்று பேர் இதயம் தாறுமாறாகத் துடித்து இறந்துபோனார்கள்.

குற்றவாளி, ஃப்ளூரைடு. பல்லுக்கு நல்லது என்று அந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் அளவாகச் சேர்ப்பார்கள். (நம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் யாரும் சேர்க்க வேண்டியதில்லை, நிலத்தடியிலேயே அளவுக்கு மேல் இருக்கிறது, ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான்.) சரி, குழாய்த் தண்ணீரில் இருந்த அளவு அப்படி ஒன்றும் ஆபத்தானது இல்லையே? அங்கேதான் ரெசினின் வேலை. எல்லா அயனிகளையும் ரெசின் ஒரே மாதிரி இறுக்கிப் பிடிப்பதில்லை. ஃப்ளூரைடைப் பிடிக்கிற பிடி ரொம்ப லேசு. டவுன் பஸ்ஸில் கடைசிப் படியில் தொங்குகிறவன் மாதிரி. ரெசின் தீர்ந்துபோகிற நேரத்தில், புதிதாக வருகிற சல்ஃபேட்டும் குளோரைடும் இடத்தைப் பிடித்துக்கொண்டு, ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ஃப்ளூரைடை மொத்தமாக வெளியே தள்ளிவிட்டன. நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் இறங்கியது. சுத்தம் செய்யாத குழாய்த் தண்ணீரில் இருப்பதைவிடப் பல மடங்கு ஃப்ளூரைடு, சுத்தம் செய்யப்பட்ட தண்ணீர் என்ற பெயரில் மனிதர்களின் ரத்தத்துக்குள் போனது.

பேரேடு கடைசிப் பக்கம் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு மீட்டர் போதும். நான் மேலே சொன்ன அதே ரெசிஸ்டன்ஸ் மீட்டர். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இறங்கினால் விளக்கு எரிய வேண்டும், மணி அடிக்க வேண்டும் என்பது டயாலிசிஸ் அறைக்கான விதி. ஆடிட் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. திருட்டு நடப்பது பெட்டியில் பணம் இல்லாதபோது இல்லை; பெட்டியை எண்ணிப் பார்க்காதபோது.

உப்பை மட்டும் எடுத்தால் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. ரெசினுக்குத் தெரிந்ததெல்லாம் பிளஸ், மைனஸ் கணக்குதான். கிருமி, சர்க்கரை, பூச்சிமருந்தில் பல வகை, இதெல்லாம் அதன் கண்ணில் படாது. 1996-ல் பிரேசிலில் கருவாரு என்ற ஊரில் வறட்சி. டயாலிசிஸ் சென்டருக்கு லாரியில் தண்ணீர் வந்தது. சரியாகச் சுத்தம் செய்யாத தண்ணீர். அதில் ஏரிப் பாசியின் விஷம். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஈரல் கெட்டு இறந்தார்கள். அதனால்தான் இப்போது டயாலிசிஸ் சென்டர்களில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் காவல் போடுகிறார்கள். குளோரின் எடுக்கக் கரித்தூள் தொட்டி, சுண்ணாம்பு எடுக்க ரெசின் தொட்டி, அப்புறம் ஆர்.ஓ. சில இடங்களில் அதற்கும் மேல் அயனி நீக்கும் தொட்டி.

சித்தப்பா படுத்திருக்கிற ஹாலுக்குப் பின்னால் ஒரு சின்ன ரூம். டெக்னீஷியன் தம்பி கூட்டிப்போய்க் காட்டினார். மோட்டார் சத்தம், நீலத் தொட்டிகள், சுவரில் ஆணியில் தொங்குகிற ஒரு நோட்டு. ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் மீட்டர் எண், குளோரின் சோதனை, கையெழுத்து. மூன்று மாசத்துப் பக்கங்களைப் புரட்டினேன், தொழில் பழக்கம். ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. 'ஒரே பேனாவுல எழுதியிருக்கான்னு பாக்குறீங்களாண்ணே?' என்றார் சிரித்துக்கொண்டே. அதைத்தான் பார்த்தேன். இல்லை. நீலம், கறுப்பு, பென்சில்கூட இருந்தது. அன்றன்றைக்கு எழுதியதுதான்.

டயாலிசிஸ்காரர்களுக்குத் தண்ணீரில் ரேஷன் உண்டு. சேர்ந்தால் வெளியேற வழியில்லையே. சித்தப்பாவுக்கு மருந்து, காபி, குழம்பு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். திருக்கோஷ்டியூரில் பம்புசெட்டில் வாய் வைத்துக் குடித்து வளர்ந்த மனிதர். நாக்கு வறண்டால் ஒரு ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டுவார். மாசி மகத்துக்குத் தெப்பக்குளக் கரையில் விளக்கு வைக்கப் போனால், குளத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதற்கு என்று நான் கேட்பதில்லை.

போன வாரம் நான் பின்னால் ரூமில் கேட்டு வந்த கதையெல்லாம் அவரிடம் அளந்தேன். 120 லிட்டர், கரித்தூள், ரெசின், மீட்டர். பொறுமையாகக் கேட்டுவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிட்டார்.

'ஏன் தம்பி, அம்புட்டுச் சுத்தமான தண்ணின்னா அதைக் குடிக்கலாமா?'

'ஒண்ணும் செய்யாதுங்கய்யா. ஆனா நல்லா இருக்காது. உப்பு கிப்பு ஒண்ணும் இல்லாம சப்புனு இருக்கும்.'

'சப்புனு இருந்தா இருந்துட்டுப் போகுது. நூத்திருவது லிட்டர் என் உடம்பு வழியாப் போகுதுங்கிறான் இவன். எனக்கு ஒரு டம்ளர் குடு.'

டெக்னீஷியன் கையில் இருந்த சார்ட்டைப் பார்த்தார். காலையிலிருந்து குடித்த கணக்கைக் கூட்டினார்.

'அரை டம்ளர் தரலாம்யா.'